வீ. சுகந்தி, மதுரை

ஜூன் 2, ஞாயிறு

ஏலக்காய்க் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ரகமத் வாங்கி வந்து ஒரு வரிகூட எழுதாமல் பீரோ மேல் போட்டிருந்தாள். இன்று தூசி தட்டி என்னிடம் தள்ளிவிட்டாள். ஜனவரியிலிருந்து மே வரை எல்லாம் வெள்ளைத் தாள். அப்படியே இருக்கட்டும். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கும் விருப்பம் இல்லை.

ரகமத் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆய்கிறவள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று நாள் முழுதும் பிரித்துப் போட வேண்டும். என் இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, அதனால் நான் மெதுவாகத்தான் ஆய்வேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் கவனித்துவிட்டாள். "கையில என்னாச்சுக்கா?" என்றாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். "சரிக்கா" என்று சொல்லி, தான் ஆய்ந்ததில் ஒரு கை அள்ளி என் தட்டில் போட்டாள். அதற்குப் பிறகு கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிறகு தன் வீட்டு மாடி அறையையும் கொடுத்தாள். இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்ததை நினைத்தால் சில சமயம் பயமாகக்கூட இருக்கிறது.

இன்று தன் பழைய போனையும் கொடுத்தாள். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல். "புது சிம்மு போட்ருக்கேன். நம்பரு எனக்கு மட்டுந்தேன் தெரியும். நீங்களா யாருக்காச்சும் குடுத்தாத்தேன் உண்டு" என்றாள்.

என் பழைய போன் அறந்தாங்கி வீட்டில் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. நானே அணைத்து அரிசிக்குள் புதைத்துவிட்டு வந்தேன். அந்த போனோடு நான் எங்கே போனாலும் என் வீட்டுக்காரர் போனில் ஒரு புள்ளி நகரும். காய்கறி வாங்கப் போய்த் திரும்பினால், "பூக்கடைகிட்ட எதுக்கு நின்ன?" என்று கேட்பார். நின்றது செருப்பு அறுந்ததால்.

ஜூன் 4, செவ்வாய்

நாள் முழுதும் காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட ரகமத்தின் துப்பட்டா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நான் போய் வாங்கி வரவில்லை. அவளே போனாள்.

ஜூன் 6, வியாழன்

போனில் 'கட்டத்துணை' என்று ஒரு ஆப் இறக்கினேன். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கான துணை. தெரிந்த எழுத்துகளைக் கட்டத்தில் போட்டால், பொருந்தக்கூடிய சொற்களை வரிசையாகக் காட்டும். நான்கு கட்டம், முதலில் 'அ', கடைசியில் 'ம்'. குறிப்பு: 'அஞ்சாதே என்று காட்டும் கை'. ஆப் அமுதம், அகலம், அவலம் என்று அடுக்கிக்கொண்டே போனது. அதற்குள் எனக்கே 'அபயம்' என்று தோன்றிவிட்டது. மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று ஒரு சந்தோஷம்.

பதினோரு வருடம் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தை விடாமல் போட்டவள் நான். போஸ்ட் கார்டில் விடைகளை எழுதி, கீழே பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு வரை எழுதி அனுப்ப வேண்டும். மறுவாரம் 'சரியான விடை எழுதியோர்' என்று பெயரும் ஊரும் போடுவார்கள். கோ. தியாகராஜன், அறந்தாங்கி. அவர் பெயரில்தான் அனுப்ப வேண்டும். கடைத்தெருவில் நாலு பேர் அவரை நிறுத்தி, "சார், எப்படி சார் இவ்வளவு சொல் தெரியுது?" என்பார்கள். வீட்டுக்கு வந்து அதை என்னிடமே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது யார் போட்டுக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கட்டத்துணை ஞாயிறுதோறும் தானே ஒரு குறுக்கெழுத்துக் கொடுக்கிறது. முதலில் முடிக்கும் பத்துப் பேரின் பெயரும் ஊரும் சாயங்காலம் வரும். நான் காலையிலேயே முடித்துவிட்டேன். அனுப்பு என்பதை அமுக்கியதும், 'பட்டியலில் ஊர் போட உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?' என்று கேட்டது.

அந்தப் புள்ளி கண் முன்னால் வந்தது. போனை மூடி வைத்துவிட்டு அரிசி களைந்தேன், குழம்புக்குப் புளி ஊற வைத்தேன். திரும்ப எடுத்தேன். வேண்டாம் என்றால் பட்டியலில் பெயர் வராதாம்.

அமுக்கிவிட்டேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் என் பெயரை அச்சில் பார்க்க எத்தனை வருட ஆசை. பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியலைப் போட்டேன். வீரையா மகள் சுகந்தி.

சாயங்காலம் பட்டியல் வந்தது. ஆறாவது இடம். 'வீ. சுகந்தி' என்று பார்த்ததும் அழுதுவிட்டேன், மறைப்பானேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த ஊரைப் பார்த்தேன். மதுரை!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மதுரை எங்கே, போடி எங்கே? மேற்கே நிமிர்ந்தால் மலை, மூச்சு இழுத்தால் ஏலக்காய் வாசனை, இந்த ஊரைப் போட ஒரு ஆப்புக்கு வக்கில்லையா? 'எங்களுக்கு எழுத' என்று ஒரு பெட்டி இருந்தது. நன்றாகக் கொடுத்தேன். "ஐயா, ஊரைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதவர்கள் எதற்குக் குறுக்கெழுத்து நடத்துகிறீர்கள்?" என்று ஆரம்பித்து ஒரு பக்கம். கீழே வழக்கம்போல் பெயர், கதவு எண், தெரு, போடி, பின்கோடு.

அனுப்பிய பிறகு மனசு லேசாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

கடையில் காய் ஆயும்போது, ஆப்காரனைக் கிழித்துத் தொங்கவிட்ட கதையை ரகமத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அட்ரஸையும் எழுதினீங்களா?"

"விடை எழுதினா அட்ரஸ் எழுதாம எப்படி?"

"அல்லா! கார்டுலயா எழுதினீங்க? போன்ல எழுதிருக்கீங்க! அது எவென் கையிக்குப் போகுதோ, எவெனுக்கு விக்கிறாய்ங்களோ. நம்பரக்கூட நான் ஒருத்திக்கும் சொல்லல, நீங்க பின்கோடு வரைக்கும் எழுதிருக்கீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போஸ்ட் கார்டுப் பழக்கம். பெயர் எழுதினால் கை தானாகக் கீழே போய் முகவரி எழுதிவிடுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். கேஸ் சிலிண்டர்காரர்தான்.

ஜூன் 12, புதன்

பதில் வந்திருக்கிறது. ஆப்பிலேயே ஒரு தகவல் பெட்டி இருக்கிறது, அதில். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம் அம்மா. திட்டு கிடைத்தது. ஊர் தவறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். நீங்கள் இருக்கும் இடம் எனக்கு வராது. உங்கள் போன் தனக்குள்ளேயே பார்த்து, பக்கத்தில் உள்ள பெரிய நகரத்தின் பெயரை மட்டும் அனுப்பும். சின்ன ஊர் என்றால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம், பெரிய ஊரில் யாரும் யாராகவும் இருக்கலாம் அல்லவா? ஆனால் நீங்கள் முகவரியையே எழுதிவிட்டீர்கள். படித்ததும் உங்கள் கடிதத்தை அழித்துவிட்டேன். இனி யாருக்கும் இப்படி எழுதாதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான். இசக்கியப்பன். (எனக்கும் ஊர் போடவில்லை, கவனித்தீர்களா?)"

கடைசி வரியைப் படித்து ரகமத் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழித்துவிட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். என் பழைய போனில் இருந்த புள்ளியையும் எடுத்துவிட்டதாக என் வீட்டுக்காரர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 13, வியாழன்

ஆப்பில் 'உங்கள் தகவல்கள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எல்லா ஆப்பிலும் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். மத்தியான இடைவேளையில் சோற்றை ஆறவிட்டு முழுதும் படித்தேன். வக்கீல் பாஷையில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, மனுஷன் நேரில் பேசுவதுபோல் எழுதியிருக்கிறார்.

'நீங்கள் தேடும் சொற்கள் உங்கள் போனிலேயே இருக்கும். எந்தச் சொல் உங்களுக்குத் தெரியவில்லை என்பது உங்கள் சொந்த விஷயம்.'

'உங்கள் தொடர்புப் பட்டியல், படங்கள் எதையும் கேட்பதில்லை. கட்டம் நிரப்ப அவை எதற்கு?'

'விளம்பரக்காரர்களுக்கு எதையும் தருவதில்லை. தருவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.'

'எங்களுக்கு எழுதும் கடிதங்கள் பதில் போட்டதும் அழிக்கப்படும்.'

எந்தச் சொல் தெரியவில்லை என்பது உங்கள் சொந்த விஷயம். அந்த வரியை இரண்டாம் முறை படித்தேன். 'சொந்த விஷயம்' என்று என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

நல்லாத்தான் எழுதியிருக்கிறார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றாவது இடம். வீ. சுகந்தி, மதுரை. கோபம் முன்போல் இல்லை.

ஜூன் 19, புதன்

சாரல் விடவில்லை. காய் ஈரம் பிடிக்காமல் இருக்கச் சாக்கை மேலே ஏற்றி வைக்கச் சொன்னார்கள். கை வலிக்குது என்று நான் வாய் திறக்கும் முன்பே ரகமத் என் மூட்டையையும் தூக்கிவிட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

முதல் இடம்!

ரகமத் தெருமுனைக்குப் போய்ப் பருத்திப்பால் வாங்கி வந்தாள். "மதுரைக்காரிக்கு ஒரு டம்ளரு" என்று நீட்டினாள். மாடிப்படியில் உட்கார்ந்து குடித்தோம். வெல்லமும் சுக்கும் தொண்டையில் இறங்க இறங்க, இந்தப் பெண், இந்தப் படி, இந்த ஊர் எல்லாவற்றுக்கும் யாரிடம் போய் நன்றி சொல்வது என்று இருந்தது. அவளிடம் சொன்னால், "போதும்க்கா, டம்ளரக் கழுவி வைங்க" என்பாள். சொன்னேன். அதையேதான் சொன்னாள்.

ஜூன் 28, வெள்ளி

இசக்கியப்பனிடமிருந்து தகவல். காலையில் வந்தது. நான் இப்போதுதான், வேலை முடிந்து, திரும்பவும் படிக்கிறேன். இதையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். தியாகராஜன் என்று ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உங்கள் கணவர் என்கிறார். பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தாராம். குறுக்கெழுத்துப் போடாமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரிந்துதான் தேடினாராம். மதுரையில் பெண்கள் விடுதி விடுதியாக ஏறி இறங்கிவிட்டாராம். உங்களுக்கு மனநிலை சரியில்லை, மாத்திரை எடுக்காமல் வீட்டை விட்டுப் போய்விட்டீர்கள், உங்கள் தாயார் ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் உங்கள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார், முகவரி மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறார். மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார்.

"உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்தபோது என் மனம் இளகிவிட்டது. எனக்கும் அம்மா இருக்கிறார். உங்கள் முகவரி கையில் இருந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அழித்துவிட்டேன், அதனால் கொடுக்க முடியவில்லை. நீங்கள் அன்று எழுதிய ஊரை நினைத்துப் பார்த்தேன், அதுவும் ஞாபகம் வரவில்லை. ஏதோ மலையோரம் என்று மட்டும் தோன்றுகிறது. அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியாது. உங்களைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் அது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். உங்கள் தாயார் விஷயம் உண்மையானால் மன்னித்துவிடுங்கள். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவா? அவர் கடிதத்தை வைத்திருக்கவா, அழிக்கவா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்."

என் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. காரியத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் அவர்.

ஜூன் 29, சனி

காலையில் ரகமத்திடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு என் கையில் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அந்தாளு நல்லவெனா இருந்ததுனால நீங்க தப்பிக்கலக்கா. அவென் கையில ஒண்ணுமில்லாம இருந்ததுனாலதேன் தப்பிச்சீங்க" என்றாள்.

"அதையேதான் அவரும் எழுதிருக்காரு" என்றேன்.

"அத ஒத்துக்கிட்டான் பாருங்க. அதுக்குத்தேன் அவென் நல்லவென்."

அப்புறம் நானாகவே கையைப் பற்றிச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். நான் வழுக்கி விழவில்லை. ஜனவரியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விடைகளை என் பெயரில் அனுப்பினேன். வீ. சுகந்தி, அறந்தாங்கி என்று பத்திரிகையில் வந்தது. அவர் அதைப் படித்தார், மடித்து வைத்தார். நான் அறைக்குள் போகும்போது கதவைச் சாத்தினார். என் இடது கை கதவு நிலையில் இருந்தது தெரிந்தேதான் சாத்தினார். எழுதுகிற கை வலது என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்துவிட்டார் போல. அதற்கும் ஒரு நன்றி.

ரகமத் அழுதாள். நான் அழவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே, இத்தனை நாள் இதைச் சொல்லாமல் வைத்திருந்தது எவ்வளவு கனம் என்று நினைத்தேன்.

இசக்கியப்பனுக்கு எழுதினேன். "தம்பி, என் அம்மா உயிரோடு இல்லை. எனக்கு மனநிலை நன்றாக இருக்கிறது, முதல் இடம் வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கடிதத்தை எனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள், எனக்குத் தேவைப்படும். பெயரை எடுக்க வேண்டாம். அதை எடுத்தால், பத்திரிகையில் என் பெயர் வந்ததற்காக அவர் என் கைமேல் கதவைச் சாத்தியது சரி என்று ஆகிவிடும். நீங்கள் என் முகவரியைத் தூக்கிப் போட்டதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சொற்கள் அதிகம்தான், இதற்கு ஒன்றும் பொருந்தவில்லை."

கீழே முகவரி எழுதவில்லை. கை போகத்தான் பார்த்தது.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டாவது இடம். பத்துப் பெயரையும் பார்த்தேன். போன வாரம் வரை சேலம், திருச்சி, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று இருந்தவர்கள் எல்லோரும் இந்த வாரம் மதுரை! முதல் ஆள் மதுரை, கடைசி ஆள் மதுரை. பட்டியலுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி: 'இனி எல்லோருக்கும் ஒரே ஊர். உங்கள் ஊர் எங்களுக்கு வேண்டாம், இருப்பிடம் கேட்பதையும் எடுத்துவிட்டோம்.'

ரகமத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. தகவல் பெட்டியிலும் வந்திருந்தது: "அம்மா, காலையிலிருந்து திட்டு வந்துகொண்டே இருக்கிறது. சேலத்துக்காரர் ஒருவர் உங்களைவிட நன்றாகத் திட்டுகிறார். படித்து, பதில் போட்டு, அழித்துக்கொண்டிருக்கிறேன். தியாகராஜனுக்கும் பதில் போட்டுவிட்டேன்: யாரைப் பற்றியும் யாருக்கும் சொல்வதில்லை, சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் கடிதம் இத்துடன்."

மதுரையில் ஒருத்தியைத் தேடியவர் இனி பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரகமத்தும் நானும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அவர் எழுதிய கடிதத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டோம். கையையும் காட்டினேன். ஏட்டம்மா கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"சுகந்தி."

"புருசன் பேரு போடவா, அப்பா பேரா?"

"அப்பா பேரு. வீரையா."

"அட்ரஸ் சொல்லுங்க."

வாய் வரை வந்தது. நிறுத்தினேன்.

"மேடம், இத எழுதினா யாரு யாரு பாப்பாங்க?"

ரகமத் என் தொடையைக் கிள்ளினாள். ஏட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"நான் பாப்பேன். இன்ஸ்பெக்டரம்மா பாப்பாக. கேஸுன்னு போச்சுன்னா கோர்ட்டுல பாப்பாக. அவ்வளவுதேன்."

"அவரு?"

"அவருக்குப் போற தாள்ல ஒங்க அட்ரஸ் இருக்காது. அத நான் பாத்துக்கிறேன்." பேனாவைத் திரும்ப எடுத்து, "இத்தன வருசத்துல இத யாரும் எங்கிட்ட கேட்டதில்லம்மா. கேக்கத்தேன் செய்யணும்" என்றார்.

"அப்படின்னா எழுதிக்கங்க" என்றேன்.

சொன்னேன். கதவு எண், தெரு, போடிநாயக்கனூர். டைரியில் எழுத மாட்டேன், அங்கே சத்தமாகச் சொன்னேன். "பின்கோடெல்லாம் வேணாம்மா" என்று ஏட்டம்மா சிரித்தார். இருந்தாலும் அதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.